ஈரப் புகைக்கு அசையாத படிகம்

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வந்தே தீரும். தூய கல்லின் எடையில் 44 விழுக்காடு அந்த வாயுதான். அது வெளியேறினால்தான் கல் சுண்ணாம்பாகும், சுண்ணாம்பு சிமென்ட்டாகும். காளவாயில் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய மின்சாரத்தை வைத்தாலும் இந்தப் பங்கு துளியும் குறையாது. ஒரு சிமென்ட் ஆலை வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு கல்லிலிருந்தே வருகிறது. மனிதர் காற்றில் கலக்கும் மொத்தக் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமென்ட் கணக்கில் சேர்கிறது. வீடும் பாலமும் கட்டுவதை உலகம் நிறுத்தப் போவதில்லை. ஆகவே புகைபோக்கியிலேயே அந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும்.

பிடிக்கும் வழி தெரியாமல் இல்லை. அமீன் கரைசலைக் கொண்டு வாயுக்களைக் கழுவும் முறைக்கு 1930-லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. கரைசல் கரியமில வாயுவோடு வினைபுரிந்து அதைப் பற்றிக்கொள்ளும். 120 டிகிரி வரை காய்ச்சினால் விட்டுவிடும். தொல்லையெல்லாம் அப்படிக் காய்ச்சுவதில்தான். கரைசலில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் வாயுவை விடுவிக்க அத்தனை தண்ணீரையும் சூடேற்ற வேண்டும். பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 3 முதல் 4 கிகா ஜூல் வெப்பம் போகிறது. அந்த வெப்பத்துக்கும் எதையாவது எரித்தாக வேண்டும்.

வாயுவை வேதிவினையில் கட்டாமல், ஒரு திடப்பொருளின் நுண்துளைகளில் இலேசாகத் தங்கவைத்து, இலேசாகவே விடுவிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த பொருள்கள் வந்து நிற்கின்றன. உலோக-கரிமச் சட்டகங்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் மாஃப் (MOF), என்று அவற்றுக்குப் பெயர். உலோக அயனிகள் மூலைகளாகவும், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் சட்டங்களாகவும் அமைந்த படிகங்கள் இவை. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்.

இதன் தொடக்கம் ஒரு வகுப்பறைத் தேவை. 1974-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன், மாணவர்களுக்கு மூலக்கூறுகளின் வடிவத்தைக் காட்ட மரப்பந்துகளைச் செய்யச் சொன்னார். எந்தப் பந்தில் எந்தக் கோணத்தில் துளையிட வேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தபோது, துளைகளின் இடமே முழு வடிவத்தையும் தீர்மானித்துவிடுவது அவர் கண்ணில் பட்டது. அணுக்களையும் இப்படியே பூட்டலாமே என்ற எண்ணத்தைப் பத்தாண்டுக்கும் மேல் சுமந்திருந்து, 1989-இல் தாமிர அயனிகளையும் நான்கு கை கொண்ட ஒரு மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பில், ஆனால் பெரும் இடைவெளிகளோடு ஒரு படிகத்தை வெளியிட்டார். அது எளிதில் சிதையக் கூடியது. ஜப்பானின் சுசுமு கிட்டகாவா 1997-இல் தம் படிகத்திலிருந்த நீரை வெளியேற்றிவிட்டு, மீத்தேனையும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உள்ளே விட்டுத் திரும்ப எடுத்துக் காட்டினார். அகதிக் குடும்பத்தில் ஜோர்டானின் அம்மானில் பிறந்து, 15 வயதில் அமெரிக்கா சென்ற ஓமர் யாகி 1999-இல் மாஃப்-5 என்ற படிகத்தை அறிவித்தார். காலியாக இருக்கும்போதும் 300 டிகிரி வரை அது குலையவில்லை.

அதன்பின் தொடங்கியது பரப்பளவுப் போட்டி. துளைகளின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் எவ்வளவு வரும் என்பதே கணக்கு. இன்று ஒரு கிராமுக்கு 7,000 சதுர மீட்டரைத் தாண்டிய படிகங்கள் உண்டு. ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஒன்றேமுக்கால் ஏக்கர். நோபல் செய்திகளிலும் இந்த எண்தான் பெரிதாகப் பேசப்பட்டது. வியக்கத்தக்க எண்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் ஆலைக்குப் போகுமா என்பதை அது சொல்லாது.

புகை ஈரமானது. மாஃப்-5 ஈரக் காற்றில் அப்பளம்போல் நமத்துவிடும். அதிலுள்ள துத்தநாகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பைத் தண்ணீர் பிரித்துவிட, சட்டகம் சரிந்துவிடும். இன்னொரு புகழ்பெற்ற படிகம் மக்னீசியம் கலந்த மாஃப்-74. உலர்ந்த கரியமில வாயுவைத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் அதை வெல்வது அரிது. அதன் துளைகளில் மக்னீசிய அயனிகள் ஒருபக்கம் திறந்தபடி நிற்பதே இந்தப் பலத்துக்குக் காரணம். அதே திறந்த இடத்தைக் கரியமில வாயுவைவிடத் தண்ணீர் அதிகம் விரும்பும். ஈரம் பட்டதும் இருக்கைகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, வந்த வாயு வந்தபடியே போய்விடும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசுவின் குழு உருவாக்கிய கால்ஃப்-20 இந்தப் போட்டியில் கடைசி வரிசையில் நிற்க வேண்டிய படிகம். கிராமுக்கு 500 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பு. கொள்ளும் அளவோ மாஃப்-74-இன் பாதி. ஆனால் இதுதான் ஆலைக்குப் போனது. ஏன் என்று 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை விளக்குகிறது. துத்தநாகமும் டிரையசோலும் சேர்ந்து அடுக்குகளாகின்றன. அடுக்குகளுக்கு இடையே ஆக்சலேட் தூண்களாக நிற்கிறது. திறந்த உலோக முனை எங்கும் இல்லை. துளையின் அளவு கரியமில வாயுவின் மூலக்கூறு நடுவில் வந்து அமரச் சரியாக இருக்கிறது. எந்த ஒரு புள்ளியும் அதைக் கட்டிப் பிடிப்பதில்லை, சுற்றுச்சுவர் முழுவதும் சேர்ந்து மெல்ல ஈர்க்கிறது. தனியாக நுழையும் தண்ணீர் மூலக்கூறுக்கோ இறுகப் பற்ற ஒரு பிடி கிடைப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை கரியமில வாயுவுக்கே முன்னுரிமை.

பற்று இலேசானது என்பதால் விடுவிக்கும் செலவும் குறைகிறது. அமீனோடு ஒப்பிட்டால் இந்தப் பிணைப்பின் வெப்பம் பாதிக்கும் கீழே. தாழ்ந்த அழுத்த நீராவியை ஊதினால் போதும், வாயு வெளியேறிவிடும். சட்டகம் நீராவியையும் தாங்குகிறது, இயற்கை எரிவாயு எரிந்த புகையை நேரடியாக நெடுநேரம் காட்டியபோதும் தாங்கியது. மூலப்பொருள்களும் சந்தைச் சரக்கு: இரும்புத் தகட்டுக்குப் பூசும் துத்தநாகம், கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம், பூஞ்சைக்கொல்லி மருந்துத் தொழிலுக்குப் பழக்கமான டிரையசோல். ஒரே கட்டத்தில் படிகம் தயார். ஆயிரக்கணக்கான சட்டகங்கள் மில்லிகிராம் குப்பிகளிலேயே நின்றுபோனதற்கு, விலை மிகுந்த கரைப்பான்களும் அரிய கரிம மூலக்கூறுகளும்தான் பெரும் காரணம். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் கால்ஃப்-20-ஐ ஆண்டுக்குப் பல நூறு டன் அளவில் தயாரிப்பதாக 2023-இல் அறிவித்தது.

டன் கணக்கில் தூள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? தூளை ஒரு கோபுரத்தில் கொட்டிப் புகையைச் செலுத்தினால், அது தடுப்புச் சுவராகி நிற்கும். புகையைத் தள்ளும் மின்விசிறிகளுக்கே பெருஞ்செலவு. உருண்டையாகப் பிடித்தால் உள்மையம் வரை வாயு போய்ச் சேர நேரமாகும், பிணைக்கும் பசை துளைகளை அடைக்கவும் கூடும். அமர்கிற வாயு வெளியிடும் வெப்பம் வேறு, அடுத்து வரும் வாயுவை அமரவிடாது. வேதிப்பொறியியலாளர்களின் கைத்திறனை நான் மிகவும் மதிப்பது இங்கேதான். கனடாவின் ஸ்வான்டே நிறுவனம் இந்தப் படிகத்தை மெல்லிய தாள்களில் பூசி, தாள்களுக்கு இடையே நேரான சந்துகள் விட்டு அடுக்கியது. புகை தடையில்லாமல் ஓடும். இருபுறமும் படிகம் தொட்டுக்கொண்டே இருக்கும். இந்த அடுக்குகள் ஒரு பெரிய உருளையில் பொருத்தப்பட்டு மெல்லச் சுழல்கின்றன. ஒரு பகுதி புகையில் நிற்கும்போது அடுத்த பகுதி நீராவியில் வாயுவை விடுகிறது, அதற்கடுத்தது காற்றில் ஆறுகிறது. ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. ஒரு முறைக்குப் பாதிதான் கொள்ளும் என்ற குறையை, நிமிடத்துக்கு ஒரு முறை நிரம்பி ஒழியும் வேகம் ஈடுகட்டிவிடுகிறது. பரப்பளவை மட்டும் பார்த்துத் தரவரிசை போட்டவர்கள் தவறவிட்டது இதைத்தான்.

இறுகவும் பிடிக்காத, நழுவவும் விடாத இதே நிதானம் பாலைவனக் காற்றில் தண்ணீர் எடுக்கும் யாகியின் ஆய்விலும் தெரிகிறது. அங்கே தண்ணீரே வேண்டிய பொருள் என்பதால் அதை விரும்பும் அலுமினியச் சட்டகத்தை, மாஃப்-303-ஐ, எடுத்துக்கொண்டார்கள். இறுகப் பிடித்தால் தண்ணீர் திரும்ப வராது; பிடி தளர்ந்தால் வறண்ட காற்றில் எதுவும் சிக்காது. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் வெயிலின் வெப்பத்தை மட்டுமே கொண்டு, ஒரு கிலோ சட்டகத்துக்கு நாளொன்றுக்கு ஒரு டம்ளர் அளவு தண்ணீர் கிடைத்தது. ஓர் ஊரின் தாகத்துக்கு அது எங்கே போதும்? ஆனால் மின்சாரம் இல்லாமல் கிடைத்த தண்ணீர்.

சிமென்ட்டுக்கு வருவோம். கனடாவின் ரிச்மண்டில் லஃபார்ஜ் சிமென்ட் ஆலையில் ஸ்வான்டே அமைத்த முன்னோடிப் பிரிவு நாளொன்றுக்கு 1 டன் கரியமில வாயு பிடிக்கும் அளவிலானது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் வெளிவிடும் ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 2,700 டன்னுக்கும் மேல் பிடிக்க வேண்டும். அந்தத் தொலைவைக் கடக்கப் புதுப் படிகம் தேவையில்லை. மலிவான நீராவி வேண்டும், பிடித்த வாயுவைப் புதைக்க நிலத்தடிப் பாறை வேண்டும். கந்தகமும் தூசியும் கலந்த புகையில் அந்தத் தாள்கள் எத்தனை ஆண்டு உழைக்கின்றன என்பதைப் பொறுத்தே ஒரு டன் வாயுவைப் பிடிக்கும் செலவு அமையும்.