ஒன்று இரண்டான நாள்

2024 ஜூன் 16 அன்று நம்பை 2.0 வெளியானது. பைத்தான் மொழியில் எண்களோடு வேலை செய்பவர்கள் பெரிதும் சார்ந்திருக்கும் திறமூலத் தொகுப்பு இது. 2006-க்குப் பிறகு அதன் முதல் எண் மாறியது அப்போதுதான்.

நேற்றுவரை ஓடிய நிரல்கள் பல, நம்பையைப் புதிதாக நிறுவிய கணினிகளில் தொடங்கவே மறுத்தன.

பிழை நிரலை எழுதியவருடையது அல்ல. நம்பையைச் சார்ந்திருக்கும் பாண்டாஸ் போன்ற தொகுப்புகளின் உள்ளே, முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட பகுதிகள் உண்டு. நம்பையின் உள்கட்டமைப்புகள் நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்பதை வைத்தே அவை கட்டப்பட்டவை. 2.0-இல் அந்த அடுக்குமுறை மாறிவிட்டது. பழைய நிலைக்கு அளவெடுத்துச் செய்த கதவு, புதிய நிலையில் எப்படிப் பொருந்தும்?

இந்த அபாயத்தைப் பதிப்பு எண்ணே சுட்டும். 1.26.4 போன்ற எண்ணில் கடைசி இலக்கம் மாறினால் பெரும்பாலும் சிறு திருத்தம்தான். முதல் இலக்கம் மாறினால் எச்சரிக்கை தேவை.

உடனடித் தீர்வு, நம்பையை 2-க்குக் கீழான பதிப்பில் நிறுத்தி வைப்பது. ஆனால் அது தற்காலிக முட்டுக்கொடுப்பே. சார்ந்த தொகுப்புகளைப் புதுப்பிப்பதுதான் சரியான வழி, பாண்டாஸ் 2.2.2 புதிய நம்பையோடு ஒத்துப்போகும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கும். தொகுப்பு ஒன்றில் ஏறியிருக்கும், நிரல் மற்றொன்றில் ஓடும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைத்தால் இது பெரும்பாலும் வராது.

எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலேயே ‘பிப் ஃப்ரீஸ்’ (pip freeze) கட்டளையைக் கொடுத்து, நிறுவிய தொகுப்புகளின் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள்.