கடல் தாண்டும் நூலுக்குக் கவசம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகில் ஏற்றும் அரிசி, சீமெந்து, எரிவாயு உருளைகளுக்கு நடுவே வலை நூலும் தையல் நூலும் அடைத்த அட்டைப்பெட்டிகளும் போகின்றன. சீமெந்து நனைந்தால் கட்டிபடும், அரிசிப்பை கிழிந்தால் கொட்டும். சேதம் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். சுற்றிய நூலுக்கு நேர்ந்த சேதம் அப்படித் தெரிவதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். இழுக்கும்போதுதான் சிக்கும், அறும், சுருள் சுருளாக வழுகி விழும். நூலைச் சுற்றுவதே பின்னர் அது தடையில்லாமல் பிரியவேண்டும் என்பதற்காக. ஆலையில் சுற்றிய ஒழுங்கு, பிரிக்கும் கையை அடையும்வரை குலையக்கூடாது. நூலைப் பொதி செய்யும் தொழில் முழுவதும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே வளர்ந்தது.

ஒரு கோனில் எவ்வளவு நூல் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் இதன் பாரதூரம் விளங்கும். கோயம்புத்தூர், திண்டுக்கல், இராசபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பொதி, 24 கோன்கள் கொண்டது. ஒவ்வொன்றும் 1.89 கிலோ, மொத்தம் 45.36 கிலோ. இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் பழைய இறாத்தல் கணக்கு, 45.36 கிலோ என்பது சரியாக 100 இறாத்தல். பருத்தி நூலின் நம்பரும் அதே கணக்கில் வந்ததுதான். ஓர் இறாத்தல் நூலில் 840 யார் நீளமுள்ள கழிகள் 40 இருந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். அந்த நம்பரில் ஒரே ஒரு கோனைப் பிரித்துக்கொண்டு போனால் 128 கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அவ்வளவு நீளமும் ஒரே இழையாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. நடுவில் ஓரிடத்தில் அடுக்கு நழுவினாலும் அதற்குக் கீழுள்ளதை எடுப்பது பெரும்பாடு.

அந்த அடுக்குகளைப் பிடித்துவைத்திருக்கும் முதற் கவசம் சுற்றும் முறைதான். நூற்கும் இயந்திரத்திலிருந்து இறங்கும் சிறு பொபினில் 50, 60 கிராம் நூல்தான் இருக்கும். அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட பொபின்களின் நூலைப் பிணைத்துப் பிணைத்து ஒரு கோன் உருவாகிறது. அப்போது நூல் நேராகச் சுற்றப்படுவதில்லை. சரிவாக மேலேறி, சரிவாகக் கீழிறங்கி, முந்தைய சுற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. குறுக்கிட்ட சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்வதால் இரு பக்கமும் தட்டு வைக்காமலேயே நூல் நிற்கிறது. உள்ளே இருக்கும் கடதாசிக் கூம்பின் சரிவும் கணக்கானது. 4 பாகை 20 கலை, 5 பாகை 57 கலை என்று அதற்கு நியம அளவுகள் உண்டு. கூம்பாக இருப்பதால் நுனிப் பக்கமாக இழுக்கும் நூல் கீழுள்ள சுற்றுகளில் உரசாமல் கழன்று வருகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் விளிம்பு. கோன் கீழே விழுந்து அடிவிளிம்பு நசுங்கினால் சுற்றுகள் சில மில்லிமீற்றர் வெளியே தள்ளப்படும். பார்ப்பவர் விரலால் உள்ளே அழுத்திவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பார். வேகமாக இழுக்கும் இயந்திரத்தில் அந்த இடம் வரும்போது ஒரு சுற்றுக்குப் பதிலாக நாலைந்து சுற்றுகள் கூட்டமாகக் கழன்று விழும். நூல் அறும்; இயந்திரத்தை நிறுத்தவேண்டும். வலை பின்னும் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் எல்லாம் நிற்கும்.

தீவகத்துக்கு நூல் என்றால் முதலில் வலைதான். 1956இல் நோர்வேக்குப் போய் அங்கேயே குடியேறிய அன்ரனி இராஜேந்திரம், 1967இல் அந்நாட்டு மக்களின் உதவியோடு தொடங்கிய முயற்சிதான் சீ-நோர். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியாக வந்தன. பருத்தி நூல் வலைகள் போய் நைலோன் வலைகள் பரவிய காலம் அது. பருத்தி வலை உப்புநீரில் கிடந்து அழுகும். அதை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துத் துவரேற்றி, ஓயாமல் காயவைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நைலோன் அழுகாது. அதனால் நைலோன் நூலுக்குப் பாதுகாப்பே தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் இன்றும் இருக்கிறது. அது தவறு. வெயிலின் புறஊதாக் கதிர் நைலோனின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கிறது. நிறம் மங்குவதற்கு முன்பே பலம் குறைந்துவிடும். இறங்குதுறைச் சீமெந்துத் தரையில் திறந்த பெட்டியில் நாள்முழுக்க வெயிலில் கிடக்கும் நூல், கடலைக் காணுமுன்பே வயதாகத் தொடங்கிவிடுகிறது. நைலோன் இழைகளுக்கு ஆலையில் பூசிவிடும் எண்ணெய்ப் பசையில் மணலும் தூசியும் ஒட்டும். ஒட்டிய மணல் நூலை அராவும்.

நைலோன் போன்ற தொடரிழை நூல்களுக்குப் பஞ்சு நூலுக்கு இல்லாத இன்னொரு சிக்கலும் உண்டு. மயிரிழையிலும் மெல்லிய இழைகள் பல சேர்ந்ததுதான் அந்த நூல். மேற்பரப்பில் நகம் பட்டாலே ஓர் இழை அறுந்து முடியாகக் கிளம்பும். இந்த நூலைச் சுற்றிய உருளைகள் பாரமானவை. ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றைக் கிடத்தினால் கீழுள்ளது தன் மேற்பரப்பால் முழுப்பாரத்தையும் தாங்கவேண்டி வரும். இதற்குப் பொதித் துறை கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பாரத்தை நூலிலிருந்து எடுத்து, நடுவிலுள்ள கடதாசிக் குழாய்மேல் வைத்துவிடுகிறார்கள். கிணற்றுக் கப்பியை அதன் அச்சு இரு பக்கமும் தாங்குவதுபோல, குழாயின் இரு முனைகளும் மேலும் கீழும் வைக்கும் தட்டுகளிலுள்ள குழிகளிலோ முனைப்புகளிலோ பொருந்தி நிற்கின்றன. நூலின் மேற்பரப்பைச் சுற்றிலும் வெறும் காற்று. பெட்டி குலுங்கினாலும் அடுத்த உருளையில் உரசாது. மேலே எத்தனை அடுக்கு வைத்தாலும் பாரம் தட்டிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து கீழ்த்தட்டுக்கும் போய் நிலத்தில் இறங்கும். பல கோடி ரூபாய் இயந்திரம் செய்த வேலையைக் காப்பது, குழி விழுந்த ஒரு தட்டுத்தான்.

அந்தத் தட்டை ரெஜிபோமிலும் வார்க்கலாம், பிளாஸ்ரிக்கிலும் வார்க்கலாம், பழைய கடதாசியை ஊறவைத்து அரைத்த கூழிலும் வார்க்கலாம். முட்டைத் தட்டுச் செய்யும் அதே கூழ்தான். பெருநிலத்தில் ஆலைக்கும் ஆலைக்கும் இடையே என்றால் பிளாஸ்ரிக் தட்டுகளைத் திருப்பி அனுப்பி மீண்டும் பாவிக்கலாம். தீவுக்கு வந்த தட்டைத் திருப்பி அனுப்ப யாரும் படகுக்கூலி கொடுக்கப்போவதில்லை. ரெஜிபோம் உடைந்து மணியாகிக் கரையில் கிடக்கும். தீவகத்துக்கு வரும் எந்தப் பொதிக்கும் கடதாசிக் கூழே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

கைத்தறிக்குப் போகும் நூலின் கதை வேறு. அது கோனாக இல்லாமல் கழியாக, குழாயே இல்லாமல் வளையமாகக் கட்டப்படுகிறது. சாயத்தொட்டியில் தோய்க்க அதுதான் வசதி. நசுக்கினாலும் பெரிய கேடு வராது என்பதால் கழிகளை அழுத்திச் சிப்பமாகக் கட்டலாம். நெசவாளர் அதைத் திரும்ப இராட்டையில் சுற்றிக்கொள்வார். இந்திய ஆலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைக் கழியாகவே பொதி செய்யவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

நசுங்காமல் காத்தாயிற்று. இனி ஈரம். இதில் பஞ்சும் நைலோனும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. பருத்தி நனைந்தால் பலம் கூடும். நைலோன் நனைந்தால் பலம் குறையும், சற்று நீளவும் செய்யும். பருத்தி நூலின் வணிக நியமப்படி அதன் உலர் எடையில் 8.5 வீதம் ஈரம் இருக்கலாம். உலர்ந்த நூல் முறுக்கேறிச் சுருளும், எளிதில் அறும் என்பதால் ஆலைகளில் கோன்களை வெற்றிட அறையில் வைத்து மிதமான ஆவி ஊட்டுகிறார்கள். அந்தச் சூடு ஆறுமுன் பொலித்தீன் பைக்குள் கட்டினால் பையின் உட்பக்கம் வியர்த்து, நூலில் கறை விழும், பூஞ்சணம் பிடிக்கும். ஆறவிட்டுக் கட்டினால் அதே பை நூலின் ஈரத்தை அளவாகக் காத்து நிற்கும். பொதி செய்பவரின் பொறுமை இங்கேதான் தெரியும்.

8.5 வீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். 45 கிலோப் பெட்டி ஒன்றில் அது மூன்றரை லீற்றர் தண்ணீர். ஒரு கொள்கலனில் இருநூறு பெட்டி ஏறினால் 700 லீற்றர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நூலுக்குள் இருக்கிறது. பகல் வெயிலில் இரும்புக் கொள்கலன் கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாக வெளியே வரும். இரவில் கூரை குளிரும். ஆவி அதில் படிந்து சொட்டுச் சொட்டாக மேலடுக்குப் பெட்டிகளில் விழும். மூடிய கொள்கலனுக்குள் மழை பெய்கிறது என்று கப்பற்காரர்கள் சொல்வது இதைத்தான். அதனால்தான் கல்சியம் குளோரைட்டு நிரப்பிய பைகளை உள்ளே தொங்கவிடுகிறார்கள். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

கொழும்புத் துறைமுகம் வரை இந்தக் காவல் போதும். லொறியில் வடக்கே வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் இறக்கிய பிறகு, பெட்டி சந்திக்கும் எதிரி உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடலில் ஒரு மணித்தியாலம் போகும் படகில் தூவானம் படாத சாமான் கிடையாது. நல்ல தண்ணீர் பட்ட அட்டைப்பெட்டி வெயிலில் காய்ந்துவிடும். கடல்நீர் பட்டது காயாது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். தீவுக் காற்று அதற்குக் கீழே இறங்குவது அருமை. ஆகவே ஒருமுறை தூவானம் பட்ட பெட்டி, கடைக்குள் போன பிறகும் இரவுதோறும் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். நெளிவுத்தாள் வைத்த அட்டைப்பெட்டி ஈரமான காற்றில் தன் தாங்குபலத்தில் பாதியளவை இழந்துவிடும். ஆலையில் எட்டு அடுக்குத் தாங்கிய பெட்டி இங்கே நாலு அடுக்கிலேயே மூலை மடங்கும். மூலை மடங்கினால் பாரம் நேரே கோனின்மேல் இறங்கும். சேதம் முன்பு சொன்ன அந்த விளிம்பிலேயே தொடங்கும்.

நனையாமலிருக்க உரப்பைக்குள் போட்டுக் கட்டுவது நம் வழக்கம். தடித்த நைலோன் கயிற்றுக்கு அது பரவாயில்லை. துணி நெய்யும், பின்னும் பருத்தி நூலுக்கு உரப்பை கேடு. அது பொலிப்புரொப்பிலீன் நாடாவில் நெய்தது. வெயில் பட்டால் நார் நாராக உதிரும். உதிர்ந்த நார் நூலோடு சேர்ந்து துணிக்குள் போய்விட்டால் சாயம் ஏறாது. நீலத் துணியில் வெள்ளைக் கீறலாக நிற்கும். இந்த ஒரு கலப்படத்தைத் தேடிப் பொறுக்குவதற்கென்றே ஆலைகளில் ஆட்களும் கருவிகளும் உண்டு. நம்மூர்ப் பனையோலைப் பெட்டி நல்ல பொருள்தான். பனங்கட்டிக்கு ஓலைக் குட்டானைவிடச் சிறந்த உறையைக் காண்பது கடினம். நூலுக்கு அதை வெறுமையாகப் பாவிக்கக்கூடாது, ஓலை விளிம்பு இழையைப் பிடித்திழுக்கும். உள்ளே பழைய சேலைத்துணி விரித்தால் தையல் நூற்கட்டைகள் வைக்கலாம்.

பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டும் கவசத்தின் ஒரு பகுதி. அதில் நூல் நம்பரோடு தொகுதி எண்ணும் இருக்கும். வெவ்வேறு தொகுதி நூல்களைக் கலந்து பின்னினால் சாயம் ஏறும்போது பட்டை பட்டையாகத் தெரியும். அப்படிக் கலந்துவிடாதிருக்கவே ஆலைகள் கடதாசிக் கூம்புகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுக்கின்றன. வலை நூலில் கனம் மாறினால் ஒரே வலையில் ஒரு பக்கம் முந்தி அறும். சீட்டைக் கிழித்தெறிந்தவர், அடுத்த முறை அதே நூலைக் கேட்டு வாங்கும் வழியையும் எறிந்துவிடுகிறார்.

தீவகத்துக் கடைக்காரருக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் படகுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். நூற்பெட்டியைப் படகின் அடித்தட்டில் வைக்காமல் பலகைமேல் வைத்துப் படங்கால் மூடுங்கள். தூவானம் பட்டால் திறக்குமுன் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் பெட்டியைத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். மூன்று அடுக்குக்கு மேல் ஏற்றவேண்டாம். தேவையான கோனை எடுத்தபின் உள்ளிருக்கும் பொலித்தீன் பையைக் கிழித்தெறியாமல் அதன் வாயை மீண்டும் கட்டி வையுங்கள். மிச்ச நூல் அடுத்த சோளகத்துக்கும் உதவும்.