பாவசங்கீர்த்தனமும் மன்னிப்பும்

தவறு செய்யாத மனிதர் இவ்வுலகில் இலர். செய்த தவறைத் தம் வாயால் ஒப்புக்கொள்பவரோ மிகச் சிலர். பிறர் குற்றத்தை உரத்த குரலில் உரைக்கும் நமது நா, நம் குற்றத்தைச் சொல்லப் புகும்போது தயங்கி நின்றுவிடுகின்றது. இத்தயக்கத்தை வெல்லும் பயிற்சியாகவே கத்தோலிக்க சமயத்தின் பாவசங்கீர்த்தனம் அமைந்துள்ளது. ஒப்புரவு அருட்சாதனம் என்பது அதன் இக்காலப் பெயர்.

தவக்கால நாட்களில் கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்திலோ, வெள்ளவத்தைப் புனித லோரன்ஸ் ஆலயத்திலோ பாவசங்கீர்த்தனத்திற்குக் காத்து நிற்போரைக் காணலாம். முதியவரும் மாணவரும், முதலாளியும் தொழிலாளியும் அங்கே ஒரே வரிசை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இக்கடமையைச் செய்தல் வேண்டுமென 1215ஆம் ஆண்டின் இலாத்தரன் சங்கம் விதித்தது. அங்கு கேட்டதை எக்காரணம் கொண்டும் குரு வெளியிடலாகாது. நேரடியாக வெளியிடுபவர் அக்கணமே திருச்சபைக்குப் புறம்பானவராகின்றார்.

“செய்வதையெல்லாம் செய்துவிட்டுக் குருவிடம் சொன்னால் தீர்ந்துவிடுமா?” என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. பழைய ஞானோபதேச நூல்கள் இதற்கு ஐந்து காரியங்களை வகுத்து விடை கூறுகின்றன. செய்த பாவங்களை நினைவுகூர்தல், அவற்றிற்காக மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லையென உறுதி பூணுதல், குருவிடம் வெளிப்படுத்தல், விதிக்கப்பட்ட பரிகாரத்தை நிறைவேற்றல் என்பனவே அவை. வாயால் சொல்வது இவற்றுள் ஒன்று மாத்திரமே! கடைக்காரர் தவறுதலாக அதிகம் கொடுத்த மீதிப் பணத்தை அறிந்தே வைத்துக்கொண்டவன், அதைத் திருப்பிக் கொடுக்க மனமின்றிப் பாவசங்கீர்த்தனம் செய்தால், அவனுக்கு மன்னிப்பு இல்லை.

இவ்வரத்திற்காக எமது நாட்டு மக்கள் ஏங்கிய காலமும் ஒன்றுண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரை விலக்கினர். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவின்றி மக்கள் தவித்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் ஏழைத் தொழிலாளி வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை ஏற்று, அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டே கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார் என்பர். இரவின் இருளிலே அருட்சாதனங்களை வழங்கினார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்றே மடுத் திருத்தலத்திற்குச் சென்ற பாப்பரசர், நீண்ட போரால் நொந்த மக்களிடையே பேசுகையில், உண்மையான மனஸ்தாபம் இருந்தாலன்றி உண்மையான மன்னிப்பைக் கேட்கவும் கொடுக்கவும் இயலாதென்ற கருத்தை எடுத்துரைத்தார்.

அவ்வுரையின் பொருளைக் கொழும்பு மக்கள் நான்கு ஆண்டுகளுக்குப் பின் கண்ணீரோடு சிந்திக்க நேர்ந்தது. உயிர்த்த இயேசு பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடருக்கு அளித்தது உயிர்ப்பு ஞாயிறு மாலையிலே என யோவான் நற்செய்தி கூறும். அதே திருநாளில், 2019 ஏப்ரல் 21ஆம் நாள் காலை, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. நாட்டின் பல இடங்களிலும் அன்று 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறன்று, தாக்கியோரைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அறிவித்தார். ஆயினும், நடந்தவற்றின் உண்மை வெளிவர வேண்டுமென அவர் கேட்பதை நிறுத்தவில்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, அக்காலத்து ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மன்னித்தபின் நீதி கேட்பது முரண் அன்றோ எனச் சிலர் எண்ணலாம். முரண் இல்லை. நொந்தவர் தம் உள்ளத்துப் பகையைக் களைவது மன்னிப்பு. குற்றம் புரிந்தவர் உண்மையைச் சொல்லிப் பரிகாரம் தேடுவது மனஸ்தாபம். முன்னதை எவரும் எவரிடமும் வற்புறுத்திப் பெறவியலாது. பின்னதைத் தட்டிக் கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

எச்சமயத்தவராயினும் இவ்வுண்மை நமது இல்லங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளிடம் “மன்னிப்புக் கேள்” என அதட்டுகின்றோம். பெற்றோராகிய நாம் தவறிழைத்தபோது அவர்களிடம், “தவறு என்னுடையதே” என்று ஒருநாளேனும் சொல்லியிருக்கின்றோமா? அவ்வொரு வாக்கியத்தை நம் வாயால் கேட்ட பிள்ளை, தன் தவறையும் மறைக்காமல் நம்மிடம் சொல்லத் துணிவு பெறும்.