ஒப்புக்கு உடன்படல்: ஒரு சொல்லிடைவெளியும் சில புத்தாக்கங்களும்

களப்பணியில் ஈடுபடும் மொழியியலார் தகவலாளியிடம் ஒரு தொடரைக் கூறி, ‘இப்படிச் சொல்வதுண்டா?’ என வினவுவது வழக்கம். ‘சொல்லலாங்க’ என விடை வருகிறது. அத்தொடர் அவ்வட்டார வழக்கில் இல்லாததாக இருப்பினும், தொலைவிலிருந்து வந்தவரின் மனம் நோகலாகாது என்னும் பண்பினால் இவ்விடை எழுவதுண்டு. ஆய்வேட்டில் அது வழக்கிலுள்ள தொடராகப் பதிவாகிவிடுகிறது. தகவலாளி பொய் கூறினார் எனல் இங்குப் பொருந்தாது. முகத்துதி செய்தார் எனலும் பொருந்தாது. அவர் செய்ததற்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை.

இவ்வாறு கூறுவது முதற்கண் வியப்பளிக்கலாம். போலி உடன்பாட்டை எள்ளும் சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றில் மலிந்துள்ளன. விடைச்சொல்லையே பெயராக்கிவிடுவது ஒரு முறை. தமிழின் ‘ஆமாஞ்சாமி’, ‘ஹௌது’ என்னும் உடன்பாட்டுச் சொல்லோடு ‘அப்ப’ சேர்ந்த கன்னட ‘ஹௌதப்ப’, இந்தியின் ‘ஜீ ஹுஜூரி’ ஆகியன இவ்வகையின. மூன்றிலும் உடன்பாட்டுச் சொல்லோடு விளிச்சொல் ஒட்டியே நிற்பது கருதத்தக்கது. மலையாள ‘ஏறான்மூளி’ சற்று வேறுபட்டது. பெரியோர் கூறுவதற்குப் பணிந்து உரைக்கும் மறுமொழி ‘ஏறான்’. அதை முனகிக்கொண்டிருப்பவர் ஏறான்மூளி.

மேடைக் கலைகளிலிருந்து பிறந்த சொற்கள் இவற்றினும் சுவையானவை. புர்ரகதையில் தலைமைப் பாடகர் கதை சொல்ல, உடன் நிற்போர் ‘தந்தான’ என ஏற்றுப் பாடுவர். அதனின்று, ஒருவர் ‘தான’ என்றால் மற்றவர் ‘தந்தான’ என்பார் என்னும் தெலுங்கு வழக்குப் பிறந்தது. தமிழில் ஜால்ரா அடித்தல், சிங்கி அடித்தல், ஒத்து ஊதுதல் என இது விரிகிறது. ஒத்து என்னும் கருவி நாகசுரத்திற்குச் சுருதி தருவது. விரல்வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கு இல்லை. சுருதிப்பெட்டி வந்தபின் மேடைகளில் ஒத்து அருகிவிட்டது. வசைச்சொல் மட்டும் நிலைத்துவிட்டது. சுருதி பிசகாமல் மூச்சை அடக்கி ஊதிய கலைஞர்களுக்கு மொழி இழைத்த அநீதி இது எனலாம். தலையசைக்கும் மாட்டையும் இங்கு விடுதற்கில்லை. தமிழரின் பூம்பூம் மாடும் தெலுங்கரின் கங்கிரெத்தும் கன்னடரின் கோலெ பசவனும் ஒரே உவமைக்குக் கட்டுண்டவை. அண்மைக்கால இளைஞர் வழக்கான ‘சொம்பு தூக்குதல்’ வரை இவ்வளம் வற்றவில்லை.

எனினும் இச்சொற்கள் அனைத்தும் குற்றச்சாட்டுகள். மேலோர் ஒருவர், கீழோர் ஒருவர், எதிர்பார்க்கும் ஆதாயம் ஒன்று, இவற்றைப் பார்த்து நகைக்கும் மூன்றாமவர் ஆகிய நான்கையும் இவை வேண்டி நிற்கின்றன. ‘நான் தயங்கினேன்’, ‘நான் மறுத்தேன்’ என்பன இயல்பான கூற்றுகள். ‘நான் ஜால்ரா அடித்தேன்’ என்பதோ தற்கேலியாக அன்றி வருவதில்லை. திருமணப் பந்தியில் பாயசம் எப்படி என்று கேட்கும் சம்பந்தியிடம் ‘ரொம்ப நல்லா இருக்குங்க’ என்பவர் எந்த ஆதாயத்தையும் நாடுவதில்லை. ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்றதும் ‘கண்டிப்பா வரேங்க’ என்பவரும் அத்தகையரே.

பிரவுன், லெவின்சன் ஆகியோர் 1978-இல் கட்டுரையாகவும் 1987-இல் நூலாகவும் வெளியிட்ட பணிவுக் கோட்பாட்டில், முரண்படுவதைத் தவிர்க்கும் உத்திகளுள் ஒன்றாக இது இடம்பெறுகிறது. அக்கோட்பாட்டுக்கு அவர்கள் முதன்மையாகச் சான்று திரட்டிய மூன்று மொழிகளுள் கோயம்புத்தூர் வட்டாரத் தமிழும் ஒன்று. தமிழரின் பேச்சும் சான்றாகிய ஒரு கோட்பாட்டின் கலைச்சொல்லைத் தமிழில் பெயர்க்கத் தமிழே தடுமாறுகிறது. ‘பெயரளவு உடன்பாடு’ என்பது குறைபாட்டைச் சுட்டுகிறதேயன்றி அதிலுள்ள பரிவைச் சுட்டவில்லை. ஜப்பானியர் கேட்போரின் மறுமொழிகளை ‘ஐசுச்சி’ என்பர். கொல்லுலையில் இருவர் மாறிமாறிச் சம்மட்டி அடிக்கும் செயலிலிருந்து வந்த சொல் இது. துணைநிற்றலே அங்கும் உவமை. ஆனால் பழி இல்லை. தமிழில் இதற்கு நெருங்கி வருவது ‘உம் கொட்டுதல்’. அது கேட்பதைக் காட்டுமேயன்றி உடன்படுவதைக் காட்டாது.

இவ்விடைவெளியை விளையாட்டாகவேனும் நிரப்பிப் பார்க்கலாம். ‘உம்’ என்பதோடு பண்புப்பெயர் விகுதி சேர்த்தால் ‘உம்மை’ கிடைக்கும். அதனை இலக்கணிகள் முன்னரே எடுத்துக்கொண்டனர். ‘ஆமாமை’ என்பது காதில் ஆமையாகவே விழும். ‘உரையாடல்’ என்பதன் வழியில் அமையும் ‘சரியாடல்’, ‘சரி’ என்ற ஒன்றைக்கொண்டே நடந்தேறும் தொலைபேசிப் பேச்சுக்குப் பொருந்தும். தனியொரு விடைக்குப் பொருந்தாது. நன்னூலார் எண்வகை விடையுள் உடன்பட்டுக் கூறுவதை ‘நேர்’ என்றார். ‘உண்ணாநோன்பு’ போல ‘நேராநேர்’ எனலாம். உடன்படாத உடன்பாடு என்னும் பொருள் அதில் செறிந்திருப்பினும், புலவர் மன்றத்தைத் தாண்டி அச்சொல் நடக்குமா என்பது ஐயமே.

இவற்றுள் வாழத்தக்கதாகத் தோன்றுவது ‘ஒப்புக்கொப்பு’. ஒப்புக்கு ஒப்புதல் என்பது அதன் விரி. ‘ஒப்புக்கு’ என்பது பேச்சில் உயிரோடு உள்ளது. சிறுவர் விளையாட்டின் ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆட்டத்தில் இருப்பார், கணக்கில் வாரார். இவ்வுடன்பாட்டின் இயல்பும் அதுவே. ‘நான் ஒப்புக்கொப்பினேன்’ எனத் தன்மையில் கூற நாணமும் எழாது. களக்குறிப்பேட்டில் ‘ஏற்றார்’, ‘மறுத்தார்’ என்னும் இரு குறிகளுக்கு நடுவே ‘ஒப்புக்கொப்பினார்’ என மூன்றாவது ஒன்றை வைத்தல் எளிது. அக்குறி விழுந்த தொடர்களை மற்றொரு நாள், ‘இதை எப்படிச் சொல்வீர்கள்?’ எனத் திறந்த வினாவாகக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

நாவல் பெயர்ப்போருக்கோ இச்சொல்லில் ஓர் இடர் உண்டு. ‘மாமனார் ஒப்புக்கொப்பினார்’ என்பதை எழுத்துப்பிழை எனக் கருதி, மெய்ப்புத் திருத்துவோர் ‘ஒப்புக்கொண்டார்’ என மாற்றிவிடக்கூடும். அடுத்த இயலில் அவர் சொத்தை எழுதித் தர மறுக்கும்போது வாசகர் திகைப்பர்.