மார்ச் வந்தால் பைத்தியம்!

அமெரிக்காவில் மார்ச் மாதம் வந்தால் பலருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பயப்படாதீர்கள்! வைத்தியம் தேவைப்படும் பைத்தியம் அல்ல. கூடைப்பந்துப் பைத்தியம்!

கல்லூரி மாணவர்கள் ஆடும் கூடைப்பந்துப் போட்டி அது. அதற்கு "மார்ச் மேட்னஸ்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மார்ச் மாதப் பைத்தியம்" என்று பொருள்.

1939-ம் ஆண்டில் இந்தப் போட்டி தொடங்கியது. அப்போது 8 கல்லூரிகள்தான் கலந்துகொண்டன. 1985-ல் 64 ஆயின. 2011-ல் 68 ஆயின.

முன்னோட்டமாகச் சில ஆட்டங்கள் நடக்கும். அவை முடிந்ததும் 64 அணிகள் மிஞ்சும். அதன் பிறகுதான் அசல் வேடிக்கை. ஓர் ஆட்டத்தில் தோற்றால் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்! "அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கிடையாது.

எல்லார் கையிலும் ஒரு தாள்

போட்டி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, யாருடன் யார் மோதுவது என்று அறிவிப்பார்கள். உடனே ரசிகர்கள் ஆளுக்கு ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த அட்டவணைக்கு "பிராக்கெட்" என்று பெயர். முதல் சுற்றில் யார் ஜெயிப்பார், அடுத்த சுற்றில் யார், கடைசியில் கோப்பை யாருக்கு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத வேண்டும். இது ஒருவகை ஜோசியம்!

ஆபீசில் குமாஸ்தாவும் எழுதுவார். மானேஜரும் எழுதுவார். கூடைப்பந்தைக் கையால் தொடாத பாட்டியும் எழுதுவாள். பாட்டியின் ஜோசியம் பலித்துவிடுவதும் உண்டு.

ஜனாதிபதி ஒபாமாவையும் இந்த ஆசை விடவில்லை. 2009-ம் ஆண்டில் டெலிவிஷனில் எல்லாரும் பார்க்க அட்டவணையை நிரப்பினார். வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் ஜெயிக்கும் என்றார். அப்படியே நடந்தது!

100 கோடி டாலர் பரிசு

ஆனால் 63 ஆட்டங்களையும் சரியாகச் சொல்ல முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 63 ஆட்டங்களின் முடிவை 92 ஆயிரம் கோடி கோடி விதமாக எழுதலாம்! விநாடிக்கு ஒரு தாள் வீதம் எழுதினாலும் எல்லாவற்றையும் எழுதி முடிக்க 29 ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆகும்.

2014-ம் ஆண்டில் கோடீசுவரர் வாரன் பஃபெட், முழுவதும் சரியாக எழுதுகிறவருக்கு 100 கோடி டாலர் கிடைக்கப் பொறுப்பேற்றார். ஏராளமானோர் எழுதினார்கள். இரண்டாம் நாள் முடிவதற்குள் அத்தனை பேர் ஜோசியமும் பொய்த்துவிட்டது. பஃபெட்டின் பணப்பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை!

2019-ல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார். நாடே வியந்தது. 50-வது ஆட்டம் காலை வாரிவிட்டது.

சிகாகோ லயோலா கல்லூரியின் கன்னியாஸ்திரி ஜீன் அம்மையாரின் கதை இன்னும் வேடிக்கை. 2018-ல் அவருக்கு வயது 98. சக்கர நாற்காலியில் வந்து தம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தார். அந்தச் சிறிய அணி பெரிய அணிகளை வீழ்த்திக் கடைசி நான்கில் ஒன்றாக வந்தது. ஆனால் தம் கல்லூரி மூன்றாம் சுற்றில் தோற்கும் என்று அம்மையார் தம் அட்டவணையில் எழுதி வைத்திருந்தார்! பொய்த்த ஜோசியத்துக்காக அவரைப் போலச் சந்தோஷப்பட்டவர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். 2025-ல், 106-வது வயதில் அவர் காலமானார்.

சதுரங்கக் கல்லூரி செய்த வேலை

அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை வரிசை எண் கொடுப்பார்கள். 1-ம் எண் மிகப் பலசாலி. 16-ம் எண் நோஞ்சான். முதல் சுற்றில் பலசாலியும் நோஞ்சானும் மோதவேண்டும்.

1985 முதல் 135 முறை இப்படி மோதினார்கள். 135 முறையும் பலசாலியே ஜெயித்தான்.

2018 மார்ச் 16. அன்று விர்ஜீனியா பல்கலைக்கழகம் களம் இறங்கியது. 64 அணிகளிலும் தலைசிறந்தது என்று பெயர் வாங்கிய அணி. எதிரே மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகம். அதுவரை சதுரங்க ஆட்டத்துக்குத்தான் அந்தக் கல்லூரி பெயர்போனது.

இடைவேளையில் இருவரும் சமம். 21-21.

பிறகு நடந்ததை யாராலும் நம்ப முடியவில்லை. சதுரங்கக் கல்லூரி 74-54 என்ற கணக்கில் விர்ஜீனியாவை நொறுக்கிவிட்டது! 20 புள்ளி வித்தியாசம்!

விர்ஜீனியாவை நம்பிய லட்சக்கணக்கான ஜோசியர்களின் தாள்கள் வீணாயின. தாள் போனால் போகட்டும். அந்த மாணவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! 33 ஆண்டுகளில் யாரும் தோற்காத ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். போன இடமெல்லாம் அதே பேச்சு.

மறு ஆண்டும் முதல் சுற்றில் அவர்களுக்கு எதிரே ஒரு 16-ம் எண். பாதி ஆட்டத்துக்குள் 14 புள்ளி பின்தங்கிவிட்டார்கள்! "மறுபடியுமா?" என்று ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் தட்டுத் தடுமாறி எழுந்து ஜெயித்தார்கள்.

அரையிறுதியில் ஆபர்ன் அணியுடன் மோதல். ஆட்டம் முடிய இன்னும் ஒரு விநாடிகூட இல்லை. விர்ஜீனியா 60, ஆபர்ன் 62. அப்போது விர்ஜீனியா வீரர் கைல் கையை எதிரணி வீரர் இடித்துவிட்டார். தண்டனையாக மூன்று எறிகள் கிடைத்தன.

தோல்வியை நேரில் கண்ட அதே கைல் கை கோட்டில் நின்றார். அரங்கில் ஆயிரமாயிரம் பேர்.

ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. மூன்றும் விழுந்தது!

63-62. இரண்டு நாள் கழித்து டெக்சாஸ் டெக் அணியை 85-77 என்று வென்று, விர்ஜீனியா கோப்பையை எடுத்துச் சென்றது.

பெண்கள் ஆட்டத்திலும் இப்போது இதே ஆர்ப்பாட்டம்தான். 2024-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள், ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம்.

வீட்டுக்குள் ஒரு போட்டி

மார்ச் வரை பொறுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? வீடியோ விளையாட்டில் தாங்களே போட்டி நடத்துவார்கள். விரலால் பொத்தானை அழுத்தினால் திரையில் தங்கள் கல்லூரி அணி ஓடும், பந்து எறியும்.

எட் ஓபேனன் என்பவர் 1995-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம் கோப்பை வெல்லக் காரணமாக இருந்தவர். இவர் ஒருநாள் இப்படியொரு விளையாட்டைப் பார்த்தார். திரையில் ஓடிய ஆட்டக்காரன் அவரே! அதே 31-ம் எண். அதே இடது கை. பெயர் மட்டும் இல்லை. காசும் கொடுக்கவில்லை.

கல்லூரி வீரர்கள் பணம் வாங்கக்கூடாது என்பது அக்கால விதி. அவர்களை வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கலாமாம்! இது எந்த ஊர் நியாயம்?

2009-ல் ஓபேனன் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டோடு கல்லூரிக் கூடைப்பந்து வீடியோ விளையாட்டு வெளிவருவதும் நின்றது. ரசிகர்கள் அவர்மேல்கூடக் கோபப்பட்டார்கள். 2014-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2021 முதல் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துக் கல்லூரி வீரர்களே பணம் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது.

2025-ல், அதே ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கம்பெனி கல்லூரிக் கூடைப்பந்து விளையாட்டை மீண்டும் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. பழைய விளையாட்டுத் தட்டைப் பத்திரமாக வைத்து ஆடிக்கொண்டிருந்த ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.