ஆகாயத்தில் அறிமுகமாகும் அந்நியர்

இரத்மலானை விமானத் தளத்தில் 1935 ஆம் ஆண்டு முதல் விமானம் வந்திறங்கிய காலந்தொட்டு, வெள்ளவத்தைப் பிள்ளைகள் தலைக்கு மேலே இரையும் விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்து வந்திருக்கிறார்கள். ஆனால் விமானியின் ஆசனத்தில் தாமே அமர்ந்து, காலி வீதியையும் அதற்கு மேற்கே கடலோடு ஒட்டி ஓடும் ரயில் பாதையையும் குனிந்து பார்க்கும் பாக்கியம் இத்துணைத் தத்ரூபமாகக் கிட்டியது, பூமண்டலம் முழுவதையும் வானிலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு கணினிக்குள் விரித்துவைத்த மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளிவந்த பின்னரே. இதனை வீண் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோருடன் நான் உடன்படேன். 2001 இல் தொடங்கிய வட்சிம் என்னும் வலையமைப்பில், பல தேசத்துத் தொண்டர்கள் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்து மெய்யான விமான உலகின் சம்பிரதாயங்களை இயன்றவரை பின்பற்றுகிறார்கள். அங்கே முறைப்படி அனுமதி கேட்டு, கிடைத்த உத்தரவைத் திருப்பிச் சொல்லிப் பழகும் பிள்ளை ஆங்கிலத்தையும் அடக்கத்தையும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறது.

அபாயம் விமானத்தில் இல்லை, உடன் பறப்பவரிடத்தில் இருக்கிறது. இவ்விளையாட்டில் பிள்ளை முதற்காரியமாகத் தேடிப் போவது நயாகராவையோ இமயத்தையோ அன்று. தன் சொந்த வீட்டைத்தான். இரத்மலானையிலிருந்து கிளம்பி, தெகிவளையைக் கடந்து, கால்வாய் கடலில் விழும் இடத்தை அடையாளம் பிடித்து, ஒரு தொடர்மாடியின் கூரைக்கு மேலே சிறிய செஸ்னாவைச் சாய்த்து வட்டமிட்டபடி, "இதுதான் எங்கட வீடு!" என்று அவன் இணையக் குரல் அரட்டை அறையில் கூவும்போது, அந்த அறையில் இருப்போர் யார் யார் என்பதை அவனும் அறியான், பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் அறியாள்.

நம்மவரிடையே அந்நியரை எடைபோடுவதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. "எந்த ஊர்? ஆற்ற பிள்ளை?" என்ற இரு கேள்விகளில் வந்தவரின் பூர்வோத்தரம் வெளிப்பட்டுவிடும் என்று வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இன்றளவும் நம்புகின்றன. உற்றாரில் பாதிப்பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கையில், முகமறியாத ஒரு குரல் தமிழில் பேசி, "நாங்கள் கொக்குவில், இப்ப ஸ்கார்பரோவில" என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் வீட்டு வாசலில் கேட்கும்போது அந்த விடையை அயலவரிடமோ கோயிலடியிலோ விசாரித்துச் சரிபார்க்க முடிந்தது. இணையத்தில் எவரும் எந்த ஊரையும் தம் ஊராக்கிக்கொள்ளலாம். அதனினும் விபரீதம், அதே கேள்விகள் நம் பிள்ளையிடம் கேட்கப்படும்போது அவன் உண்மையையே சொல்கிறான்: பாடசாலை, ஒழுங்கை, ரியூசன் நேரம், தந்தை எந்த நாட்டில், தாய் வேலைக்குப் போகும் பொழுது. அந்நியரைச் சோதிக்க முன்னோர் செய்த கருவி, அந்நியர் கையில் நம்மைச் சோதிக்கும் கருவியாகிவிட்டது.

2014 பெப்ரவரியில் இங்கிலாந்தில் நிகழ்ந்த கொடுமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இணைய விளையாட்டுக் குழு ஒன்றில் பழகிய 18 வயது இளைஞன், தன்னைப் பெரிய கணினித் தொழிலதிபனாகக் காட்டிக்கொண்டு, 14 வயதுச் சிறுவன் ஒருவனைத் தன் இருப்பிடத்துக்கு வரவழைத்துக் கொலை செய்தான். சிறுவனின் தாய் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சந்தேகம் கொண்டு பொலிஸாருக்கு அறிவித்திருந்தார்; அவ்விளைஞன்மீது ஏற்கெனவே இருந்த குற்றச்சாட்டைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கவும் அவர்கள் முயலவில்லை. பின்னர் மன்னிப்புக் கோரினார்கள்.

இன்னொரு வகை அபாயம், "இந்த விமானத்தை இலவசமாகத் தருகிறேன்" என்று அனுப்பப்படும் கோப்புகளில் வருகிறது. 2018 பெப்ரவரியில் ஃபிளைட் சிம் லாப்ஸ் என்ற நிறுவனத்தின் ஏ320 விமானப் பொதிக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரலொன்று ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது; திருட்டுப் பிரதி வைத்திருந்தோரைப் பிடிக்கவே அதனைச் சேர்த்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. கள்வனைப் பிடிக்கக் கன்னம் வைத்த இந்த நியாயம் விநோதமானதுதான். பெயர்பெற்ற நிறுவனமே அவ்வாறு செய்யத் துணிந்ததென்றால், டிஸ்கோர்ட் அரட்டைத் தளத்தில் நேற்று அறிமுகமானவன் அனுப்பும் கோப்பைத் திறவாதிருப்பதே விவேகம்.

விளையாட்டுக்குள்ளேயே பிள்ளைக்குச் சில உரிமைகள் உண்டு. வட்சிமில் 13 வயது நிரம்பியோரே சேரலாம். சேர்ந்தோர் தம் பெயரைக் காட்டாமல் உறுப்பினர் எண்ணை மாத்திரம் காட்டிப் பறக்கலாம். தொல்லை கொடுப்பவன்மீது அங்குள்ள மேற்பார்வையாளரை உடனே அழைக்கலாம். மைக்ரோசொஃப்ட்டின் விளையாட்டில், அறிந்த நண்பர் குழு மட்டும் கண்ணில் படுமாறு அமைப்பை மாற்றிக்கொள்ள இயலும். பெயரோடு பிறந்த வருஷத்தையும் சேர்த்துப் புனைபெயர் வைப்பதைத் தடுத்தாலே பாதி வாயில் அடைபட்டுவிடும்.

படம் கேட்டுப் பெற்று, பின் அதைக் காட்டிப் பணமோ மேலும் படமோ கேட்டு மிரட்டும் நிலை வந்துவிட்டால், பிள்ளையை அடிப்பதும் கணினியைப் பூட்டுவதும் பரிகாரமாகா. பணம் கொடுப்பதோ மேலும் கேட்கவே தூண்டும். மிரட்டல் செய்திகளையும், மிரட்டுபவனுடைய புனைபெயர், கணக்கு எண், திகதி, நேரம் ஆகியவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின்னரே கணக்கைத் தடுக்க வேண்டும். பிள்ளையின் ஆபாசப் படத்தை மட்டும், "பாருங்கோ, என்ன செய்திருக்கிறான்" என்று உறவினரின் வாட்சப் குழுவில் பகிர்ந்துவிடலாகாது. இலங்கைத் தண்டனைக் கோவையின் 286ஏ பிரிவு, 18 வயதுக்குட்பட்டோரின் அத்தகைய படங்களைப் பரப்புவதையும் பரப்பும் நோக்கில் வைத்திருப்பதையும் 2 முதல் 10 வருடம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதற்கு, 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் 5 வருடம் வரை சிறை விதிக்கிறது. 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்குமென்று கடும் கண்டனத்துக்கு ஆளானது. மேற்சொன்ன குற்றங்களுக்கு அதன் துணை இல்லாமலே வழி இருக்கிறது.

முதலில் அழைக்கவேண்டிய எண் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையினுடையது. கணக்கு களவு போனால் 101 இல் இலங்கை சேர்ட் நிறுவனம் உதவும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலும் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. இங்கேதான் நம் பெற்றோர் தயங்குகிறார்கள். அத்திணைக்களத்தின் விசாரணைக்கூடமான "நாலாம் மாடி" என்ற பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களும், 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு, உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது நின்றதைக் கண்டவர்களும் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்குவதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் அந்தத் தயக்கம் நீளும் ஒவ்வொரு நாளும் மிரட்டுபவனுக்கே லாபம். அச்சமுள்ளோர் நிலையத்துக்குப் போகுமுன் 1929 இல் பேசி முறைப்பாட்டைப் பதிவுசெய்யலாம். போகும்போது ஒரு சட்டத்தரணியை உடனழைத்துச் செல்லலாம்.

மொழியைப் பற்றியும் தயக்கம் வேண்டாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஆகவே வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். புரியாத சிங்களத் தாளில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். தமிழில் எழுத மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.