ஏறத் தெரிந்த கார்

மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாகக் கீழே இருந்து கிளம்பும். வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேர எத்தனை செக்கன் எடுத்தது என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். 1934இல் தொடங்கிய பந்தயம் அது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு ஏறி வரும் சனத்துக்குக் குதிரை ஒரு பக்கம் என்றால் மோட்டார் ஒரு பக்கம். சமதரை அரிதான ஊரில் ஒரு காரைச் சோதித்துப் பார்க்க ஏற்றத்தைவிட நல்ல இடம் ஏது?

அந்தச் சீசன் முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைச் சாட்டாக வைத்துத் தாங்களே ஆசைப்படும் அப்பாமாருக்கும் ரிமோட் கார் யோசனை வருவதில் வியப்பில்லை. கடைக்குப் போகும் முன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு ஸ்பீட் போகும்?” என்பது. நம்முடைய மலைப்பக்கத்துக்கு அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. எந்தத் தரையில் ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், விளையாட்டுக் காருக்கும் ‘ஹொபி கிரேட்’ என்று விற்கிற காருக்கும் உள்ள வித்தியாசம். டவுனில் வாங்கும் சாதாரண ரிமோட் காரைக் கவிழ்த்து ஸ்குருவைக் கழற்றினால் உள்ளே ஒரேயொரு பச்சைப் பலகை இருக்கும். ரேடியோ அலையை வாங்குவது, மோட்டாருக்கு மின்சாரம் விடுவது, முன்சில்லைத் திருப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. அது எரிந்தால் கதை முடிந்தது. ஸ்டியரிங்கும் முழு இடது, முழு வலது, நேர் என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் அறியாது. ஹொபி காரில் இந்த வேலைகள் பிரிந்து கிடக்கும். அலையை வாங்க ரிசீவர். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று அளந்து விட ஸ்பீட் கொன்ட்ரோலர். சில்லைத் திருப்ப சேர்வோ. கையிலிருக்கும் ரிமோட்டில் விரல் எவ்வளவு அசைகிறதோ, அவ்வளவுதான் சில்லும் திரும்பும். எது பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கியர், அச்சுத்தண்டு, சில்லைத் தாங்கும் கை என்று ஒவ்வொன்றுக்கும் கம்பனி ஒரு நம்பர் போட்டுத் தனியாக விற்கிறது.

இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா கம்பனிக்குப் பெரிய பங்குண்டு. 1976இல் அவர்களுடைய முதல் ரேடியோ கார் வந்தது: 1/12 அளவிலான போர்ஷே 934. அந்த மொடலைச் சரியாக வடிக்க வேண்டும் என்பதற்காக உண்மையான போர்ஷே ஒன்றையே வாங்கிக் கழற்றிப் பார்த்தவர்கள் அவர்கள். இன்றும் டமியா கார்களில் பல பெட்டிக்குள் துண்டு துண்டாகத்தான் வரும், நாமே பூட்ட வேண்டும். சில நாள் பிடிக்கும். ஆனால் தன் கையால் பூட்டியவருக்கு எந்தச் சத்தம் எந்தக் கியரிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறுமை உள்ளவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். மற்றவர்கள் பூட்டிய காரையே வாங்கலாம், குறைச்சல் இல்லை.

இப்போது வேகத்துக்கு வருவோம். இரண்டரைக் கிலோ எடையுள்ள 1/10 கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீற்றரில் போய்க் கல்லுக்கட்டில் மோதினால், அந்த அடி அதே காரை ஏறக்குறைய பத்து மீற்றர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். அதே கார் 5 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் அடி நூறில் ஒரு பங்குதான். வேகம் பத்து மடங்கு கூடினால் ஆற்றல் நூறு மடங்கு கூடும் என்ற பள்ளிக்கூடத்துக் கணக்கு இது. இன்னொரு பக்கம், சின்ன உருவத்துக்கு இயற்கை ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஒரு பொருளைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். அதன் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறையும். எடையோடு ஒப்பிட்டால் சின்னக் கார் பத்து மடங்கு பலசாலி. ஆகவே மெதுவாகப் போகும் கார் மேட்டிலிருந்து மூன்று குட்டிக்கரணம் போட்டு விழுந்தாலும் எழுப்பி வைத்தால் ஓடும். வேகமாகப் போகும் காருக்கு அந்தச் சலுகை போதாது.

அகலமான மைதானம் பக்கத்தில் இருந்தால் வேகக் கார் வாங்குவதில் தப்பில்லை. தோட்டத்தில் நமக்கு வாய்த்திருப்பது வேறு: லயத்து வாசலில் பத்தடி சிமெந்துத் தரை, அதைத் தாண்டினால் கான், கானுக்கு அப்பால் கல்லுக்கட்டு, அதற்கு மேல் தேயிலை நிரை. வேகக் கார் இதில் முதல் நாளே கானுக்குள் போய்விடும். குரோலர் என்ற இனத்துக்கு இதைவிட நல்ல மைதானம் உலகத்தில் எங்கும் கட்டித்தர முடியாது.

குரோலர் என்பது கல்லிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த கார். நடக்கும் ஆளைவிடச் சற்றே வேகமாகப் போனால் அதிகம். பழைய துரைமார் ஓட்டிய லேண்ட்ரோவரின் உருவத்தில் பல குரோலர்கள் வருவது பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் ருசி. உள்ளே நடப்பதுதான் முக்கியம். சாதாரணக் காரில் வளையும்போது வெளிச்சில்லு கூடுதலாகவும் உள்சில்லு குறைவாகவும் உருள்வதற்காக டிஃபரென்ஷியல் என்ற கியர்த்தொகுதி இருக்கிறது. அதற்கு ஒரு கெட்ட குணம்: ஒரு சில்லு தரையை விட்டுத் தூக்கிவிட்டால், சக்தி முழுக்க அந்தரத்தில் சுற்றும் அந்தச் சில்லுக்கே போகும். தரையில் நிற்கும் சில்லு சும்மா இருக்கும். சேற்றில் புதைந்த லொறியில் ஒரு டயர் மட்டும் சுழன்று சேற்றை வாரி இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். குரோலரில் டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடுகிறார்கள். நான்கு சில்லும் சேர்ந்தே சுற்றும். மூன்று தூக்கினாலும் ஒன்று இழுக்கும். திருப்பத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பரவாயில்லை.

ஏற்றத்தின் நடுவில் விரலை எடுத்தால் என்ன ஆகும்? மைதானக் கார் பின்னால் உருண்டு வந்துவிடும். குரோலர் அங்கேயே நிற்கும். அதன் ஸ்பீட் கொன்ட்ரோலர், நாம் விரலை எடுத்த உடனே மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. அப்போது காரின் பாரம் சில்லைச் சுற்றப் பார்த்தால், மோட்டார் ஒரு டைனமோவாக மாறி எதிர்த்து நிற்கும். டைனமோ கொஞ்சமாவது சுற்றினால்தான் எதிர்க்கும் என்பதால் கார் முற்றாக நிற்காமல் மிக மெல்ல ஊர்ந்து இறங்கலாம். ஆனால் இடையில் இருக்கும் கியர்கள் சில்லின் ஒரு சுற்றுக்கு மோட்டாரைப் பல சுற்று சுற்ற வைப்பதால் அந்த ஊர்தல் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். இதை டிராக் பிரேக் என்பார்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் காரை ஒரு சாய்ந்த பலகையில் ஏற்றி, விரலை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். உருண்டு வந்தால் அந்தக் கார் நமக்கு வேண்டாம்.

குரோலர் மல்லாக்க விழுவது பாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1/10 குரோலரில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைவெளி சுமார் 31 செ.மீ. பாரத்தின் மையம் சரி நடுவிலும், தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்திலும் இருந்தால் 60 பாகைச் சரிவில் அது பின்பக்கமாகப் புரண்டுவிடும். மையத்தைக் கீழே இறக்கி முன்னால் தள்ளினால் இன்னும் செங்குத்தாக ஏறலாம். பெட்டரியை முன்பக்கம் தாழ்வாக வைத்த குரோலர்கள் நன்றாக ஏறுவதன் காரணம் இதுதான். மேலே கரியர், ஏணி, ஜெரிகேன் என்று அலங்காரம் அடுக்கினால் படத்துக்கு அழகு, ஏற்றத்துக்குக் கேடு.

அளவில் இரண்டு தெரிவு. 2020இல் வந்த அக்ஸியல் எஸ்.சி.எக்ஸ்.24 போன்ற 1/24 கார்கள் ஒரு சாண் நீளம்தான். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களில் புத்தகங்களை அடுக்கி அறைக்குள்ளேயே மலை கட்டலாம். 1/10 கார் வெளியே, உண்மையான கல்லில் ஓட்டுவதற்கு. முதல் காராக, அதுவும் சிறுவருக்கு என்றால், நான் சின்னதையே சொல்வேன். செலவும் குறைவு, அடியும் குறைவு.

அப்படியும் வேகம்தான் வேண்டும் என்பவர்கள் 2008 முதல் விற்பனையில் இருக்கும் ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். அதன் பிரஷ் மோட்டார் ரகத்தின் ஸ்பீட் கொன்ட்ரோலரில் சக்தியைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி நிலை ஒன்று உண்டு. தோட்டத்துப் பந்தடி மைதானத்தில் அந்த நிலையில் தொடங்குங்கள். எரிபொருளில் ஓடும் நைட்ரோ கார்ப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். மெதனோல் கலந்த எரிபொருளைத் தேடி அலைய வேண்டும். அதோடு, நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிப்படுத்திய கார்புரேட்டர் இங்கே இருமும். மின்சார மோட்டாருக்குக் காற்று மூச்சு தேவையில்லை.

பெட்டரியில்தான் உண்மையான பொறுப்பு இருக்கிறது. லிப்போ எனப்படும் லிதியம் பொலிமர் பெட்டரி எடை குறைந்தது, சக்தி கூடியது. ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடத் தொடங்கும், ஊதிப்போனதையோ குத்துப்பட்டதையோ சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கலாம். உறைபனி விழுகிற ஜனவரி விடியலில் வெளி விறாந்தையில் வைத்து அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏறினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து பெட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுச் சுவராக இருக்கும் லயத்தில், விறகு அடுக்கிய காம்பராவில், லிப்போவைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதை நினைத்தாலே எனக்குப் பயம். குரோலருக்கு அவ்வளவு சக்தி தேவையும் இல்லை. காரும் அதன் கொன்ட்ரோலரும் ஏற்றுக்கொள்ளுமானால், ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரியும், நிரம்பியதும் தானாக நிற்கும் சார்ஜரும் போதும். லிப்போதான் என்றால் செல்களைச் சமப்படுத்தும் பலன்ஸ் சார்ஜர் கட்டாயம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், எரியாத தரை வேண்டும்.

பெட்டரி உள்நாட்டில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டே காரை முடிவு செய்யுங்கள். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் தனி லிதியம் அயன் பெட்டரிகளைச் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது. காரை வெளிநாட்டிலிருந்து எடுப்பது லேசு, பெட்டரியை எடுப்பது பாடு.

ரேடியோ பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. 27 மெகாஹேர்ட்ஸ் காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஓட்டினால் ஒருவர் ரிமோட்டுக்கு மற்றவர் கார் திரும்பும். இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட் தன் காரோடு மட்டும் பேசும். மண்மேட்டுக்கும் ஈரத் தேயிலைக்கும் பின்னால் போனால் அலை மெலியும் என்பதால், கார் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். கொழுந்து எடுக்கிற மலையில் ஓட்டாதீர்கள். கூடையோடு சரிவில் நிற்கிறவரின் காலடியில் ஒரு கார் ஊர்ந்து வருவது விளையாட்டல்ல.

ஓட்டி முடிந்ததும் பெட்டரியைக் கழற்றி, சேற்றைக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். காருக்கு ‘வோட்டர்புரூஃப்’ என்று போட்டிருப்பது அதன் மின்பாகங்களைப் பற்றியது. சில்லுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பெயாரிங்குகளுக்கு அந்த வாக்குறுதி பொருந்தாது. நம்முடைய மிஸ்ட்டில் அவை ஒரே கிழமையில் துருப்பிடிக்கும், ஒரு துளி எண்ணெய் வேண்டும்.

மோட்டாரைக் கழற்றிப் பூட்டும்போது மட்டும் கொஞ்சம் கவனம். மோட்டார்த் தண்டின் சின்னக் கியரும் அது சுற்றும் பெரிய கியரும் இறுகப் பொருந்தினால் சூடாகும், விலகினால் பல் தேயும். கொப்பித் தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவில் கொடுத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்குருவை இறுக்குங்கள். பிறகு சில்லை மெல்லச் சுற்றினால் தாள் மறுபக்கம் வரும். பல்லின் அச்சு மடிப்பு மடிப்பாகப் பதிந்து, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி.